ஒரு பாக்ஸரின் குத்து உண்மையில் எவ்வளவு கனம் என்று சண்டைக்கு முன்பே சொல்ல முடியுமா?

கேள்வி கேட்டவர் திருப்பூர்க்காரர். வேலை முடிந்து பேக்கரியில் டீ குடிக்கக் கூடும் நண்பர்களுக்குள், அடுத்து வரவிருக்கும் ஒரு ஹெவிவெயிட் சண்டையை வைத்து இரண்டு கட்சி ஆகிவிட்டதாம். இவர் இருக்கும் கட்சி, தங்கள் ஆள் ஜெயித்த சண்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நாக்அவுட் என்கிறது. அவர் ஓர் எந்திரத்தைக் குத்தி எடுத்த எண்ணையும், பயிற்சியில் அவரிடம் குத்து வாங்கியவர்கள் சொன்ன கதைகளையும் சாட்சிக்கு அழைக்கிறது. மறு கட்சி, அவர் வீழ்த்தியவர்கள் எல்லாம் விழுவதற்கென்றே பிடித்து வரப்பட்டவர்கள், மிச்சம் விளம்பரம் என்கிறது. யார் சொல்வது சரி, கை கனத்தைச் சண்டைக்கு முன்பே அறிய வழி உண்டா என்பது அவர் கேள்வி. இரண்டு வீரர்களின் பெயரையும் அவர் எழுதியிருந்தார். நான் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். பெயர் வந்துவிட்டால் படிப்பவரும் ஒரு கட்சியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அவர் ஒரே கேள்வியைக் கேட்டதாக நினைக்கிறார். அதற்குள் மூன்று இருக்கின்றன. அசையாத ஒரு பொருளின் மேல் அந்த ஆள் எவ்வளவு விசையை இறக்குவார் என்பது ஒன்று. அந்த விசை ஒரு மனிதனின் மேல் பட்டால் அவன் விழுவானா என்பது இரண்டாவது. குறிப்பிட்ட அந்த எதிராளியின் மேல், குறிப்பிட்ட அந்த இரவில், அது படுமா என்பது மூன்றாவது. முதலாவதற்கு ஓரளவு நல்ல விடை இருக்கிறது. இரண்டாவதற்குப் பாதி விடை. மூன்றாவதற்குத்தான் எல்லோரும் பந்தயம் கட்டுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. மோட்டாரின் தகட்டில் 5 எச்.பி. என்று எழுதியிருப்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் கிணற்று மேட்டில் நிற்பவர் கேட்பது, எத்தனை இஞ்ச் தண்ணீர் விழும் என்பதைத்தான். கிணற்றின் ஆழம், பைப்பின் அளவு, அன்றைக்கு வருகிற வோல்டேஜ் எல்லாம் சேர்ந்து சொல்ல வேண்டிய விடை அது.

என்னைப் பற்றி ஓரிரு வரி சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்ய உதவும். கல்லூரி நாட்களில் லைட்வெயிட் பிரிவில் அமெச்சூராக ஆடினேன். அதன் பிறகு 17 ஆண்டுகளாக, கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மாலை நேரத்தில் பையன்களுக்குப் பேடு, அதாவது குத்து வாங்கக் கையில் மாட்டும் மெத்தை, பிடிக்கிறேன். பகலில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. மேலே மோட்டார் உதாரணம் எங்கிருந்து வந்தது என்பது புரிந்திருக்கும். உலகத் தரத் தொழில்முறை ஹெவிவெயிட் ஒருவரின் குத்தை என் கையில் வாங்கியதில்லை. அந்த எடையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அளந்தவர்கள் எழுதியதையும், முழு நீளச் சண்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததையும் வைத்துத்தான்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் அளவீடு வெளியானது. ஊசலைப் போலத் தொங்கவிட்ட, மெத்தை போர்த்திய ஓர் இலக்கை, அப்போது உலகத் தரவரிசையில் இருந்த இங்கிலாந்து ஹெவிவெயிட் ஃபிராங்க் புரூனோ குத்தினார். கை போய்ச் சேர்ந்த வேகம் வினாடிக்கு 8.9 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன், ஏறத்தாழ 0.4 டன், தொட்ட 14 மில்லிவினாடிக்குள் அந்த உச்சம் வந்துவிட்டது. மெத்தை சுற்றிய 6 கிலோ மரச் சம்மட்டியை அதே வேகத்தில் வீசியதற்குச் சமம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2000இல் வந்த இன்னோர் ஆய்வில், பின்னால் வைத்திருக்கும் கையால் விடும் நேர்க்குத்தின் உச்ச விசை தேர்ந்த வீரர்களுக்குச் சராசரியாக 4,800 நியூட்டன், புதியவர்களுக்கு 2,381 நியூட்டன். 2005இல், ஒலிம்பிக் தரத்து வீரர்கள் ஏழு பேரைக் கொண்டு பொம்மைத் தலையின் தாடையில் குத்தவைத்து அளந்தபோது சராசரி 3,427 நியூட்டன்தான் வந்தது. அந்த ஏழு பேரில் லேசான ஃபிளைவெயிட்டும் உண்டு, மிகக் கனத்த சூப்பர் ஹெவிவெயிட்டும் உண்டு.

இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது என்பதுதான் இவற்றிலிருந்து முதலில் கற்க வேண்டியது. சுவரில் பதித்த தட்டு பின்வாங்காது. தொங்கும் இலக்கு பின்வாங்கும். கழுத்து வைத்த பொம்மைத் தலை பின்வாங்கித் திரும்பவும் செய்யும். ஒரே ஆள், ஒரே குத்து, மூன்று எண்கள். எனவே விளம்பர வீடியோவில் வருகிற எண்ணைப் பார்க்கும்போது, எதைக் குத்தினார், எந்த அலகு, அதே கருவியை வேறு யார் குத்தினார்கள் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். கலப்புச் சண்டையில் (எம்.எம்.ஏ.) உலக சாம்பியனாக இருந்த ஃபிரான்சிஸ் எங்கானூ ஒரு கருவியில் 1,29,161 எடுத்தார் என்பது உலகம் முழுவதும் சுற்றிய செய்தி. அது நியூட்டனும் அல்ல, கிலோவும் அல்ல, அந்தக் கருவிக்கே உரிய அலகு. அதைக் காரின் குதிரைத்திறனோடு ஒப்பிட்டுப் பேசியது வெறும் வியாபாரப் பேச்சு. ஆனால் எங்கானூவின் கை வெறும் விளம்பரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2023 அக்டோபரில் ரியாத்தில், தன் முதல் தொழில்முறை பாக்ஸிங் சண்டையிலேயே, மூன்றாம் ரவுண்டில் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃபியூரியைக் கீழே உட்கார வைத்தார். சண்டை பத்து ரவுண்டும் போய், பிளவுபட்ட தீர்ப்பில் (மூன்று நடுவர்களில் இருவர் ஆதரவோடு) ஃபியூரி ஜெயித்தார். ஐந்து மாதம் கழித்து, 2024 மார்ச்சில், முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஆந்தனி ஜோஷுவா அதே எங்கானூவை இரண்டாம் ரவுண்டிலேயே முடித்துவிட்டார். எந்திரத்தின் எண் அந்த இரண்டு இரவுகளில் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பொருட்காட்சியில் பந்து தொங்கும் குத்து எந்திரம் ஒன்று இருக்குமே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை என் பையன்கள் நான்கு பேரை அழைத்துப் போயிருந்தேன். மாவட்ட அளவில் ஜெயித்தவனைவிடத் தறி மெக்கானிக் ஒருவர் அதிக எண் எடுத்தார். அவர் இரண்டடி ஓடி வந்து, தோளைச் சுழற்றி, பந்தை மேல்நோக்கி அறைந்தார். அந்த எந்திரம் பந்து மேலே போகும் வேகத்தைத்தான் எண்ணாக்குகிறது. ரிங்கில் அப்படி ஓடி வருபவனை எதிரில் இருப்பவன் சும்மா விடமாட்டான் என்பது அதற்குத் தெரியாது. பையன் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

குத்தின் விசை எங்கிருந்து வருகிறது என்பதிலும் பெரிய சந்தேகம் இல்லை. கையின் சதையைப் பார்த்துக் கனத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். 1985இல் வெளியான ஒரு சோவியத் ஆய்வு, தேர்ந்த வீரர்களின் குத்தில் காலின் பங்கு ஏறத்தாழ 38 சதவீதம், கையின் பங்கு 24 சதவீதம் என்றது. புதியவர்களிடம் இது தலைகீழ், கை 38, கால் 17. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிப்பவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் உரிப்பவருக்கு மல்லனின் தோள் இருக்காது. காயைப் பாரையின் முனையில் இறக்கும் அந்தக் கணத்தில் குதிகால் தரையில் அழுந்தும், இடுப்பு ஒரு வெட்டு வெட்டும், உடம்பின் எடை முழங்கை வழியாகக் காய்க்குள் போய்விடும். கை வெறும் கைப்பிடி. புதிதாக உரிக்க வருபவன் கையால் அழுத்துவான். பத்தாவது காயில் மூச்சு வாங்கும்.

பாக்ஸிங்கில் இதை இன்னும் கடினமாக்குவது நேரம். மேலே சொன்ன 2005 ஆய்வின்படி, தாடையில் மோதும் கணத்தில் குத்துக்குப் பின்னால் வேலை செய்யும் நிறை சராசரியாக 2.9 கிலோதான். முழு உடம்பில் அவ்வளவுதான் குத்தோடு போய்ச் சேர்கிறது. கை தளர்ந்திருந்தால்தான் வேகம் வரும். தொடும் கணத்தில் மணிக்கட்டு முதல் இடுப்பு வரை இறுகினால்தான் நிறை சேரும். தளர்வு, இறுக்கம் இரண்டையும் சில மில்லிவினாடி இடைவெளியில் மாற்றத் தெரிந்தவனைத்தான் நாங்கள் கை கனத்தவன் என்கிறோம். இதில் எவ்வளவு பிறவியில் வருவது, எவ்வளவு பயிற்சியில் வருவது என்பது இன்னும் தீராத வழக்கு. என் அனுபவத்தில், ஒரு சாதாரணக் கையை நல்ல கையாக்க முடிந்திருக்கிறது. நல்ல கையை பயமுறுத்தும் கையாக ஒருமுறைகூட ஆக்க முடிந்ததில்லை. பதினேழு ஆண்டில் ஒரு கொட்டகையில் பார்த்தது என்பதற்கு மேல் இதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

சண்டைக்கு முந்தைய வாரத்தில் பத்திரிகையாளர்கள் முன் நடக்கும் பயிற்சிக் காட்சிகளைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்கத் தோன்றுகிறது, ஏனென்றால் அங்கே நடப்பது என் தொழில். பேடில் கேட்கும் வெடிச்சத்தத்தில் பாதி, பேடு பிடிப்பவர் செய்வது. குத்து வரும்போது பேடை அசையாமல் வைத்திருந்தால் ஒரு சத்தம். இரண்டு அங்குலம் முன்னால் கொண்டுபோய் அதை எதிர்கொண்டு தட்டினால் வேறு சத்தம். பழகி மெலிந்த தோல் பேடும், தகரக் கூரையும் இருந்தால் பன்னிரண்டு வயதுப் பையனைக்கூட நான் மைக் டைசனாக்கிக் காட்டுவேன். பையனுக்கு நம்பிக்கை ஊட்ட நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. சத்தத்துக்கும் கனத்துக்கும் உள்ள உறவு, பட்டாசுக்கும் பாறைக்கு வைக்கும் வெடிக்கும் உள்ளது போலத்தான். பாறைக்குள் வெடிப்பது மேலே நிற்பவன் காலில்தான் முதலில் தெரியும்.

தொங்கவிட்டுக் குத்தும் பேக் கொஞ்சம் நேர்மையானது, அதைப் பார்க்கத் தெரிந்தால். எங்கள் கொட்டகையில் தொங்கும் பேக்குகளுக்குள் இருப்பது திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட். இரண்டு மாதத்தில் அது கீழே இறங்கிக் கெட்டிப்பட்டு, அடிப்பகுதி கல்லாகவும் மேல்பகுதி தலையணையாகவும் ஆகிவிடும், வருடத்துக்கு இரண்டு முறை அவிழ்த்துத் திரும்ப அடைக்க வேண்டும். அந்தப் பேக் குத்து வாங்கி ஊஞ்சல்போல் தூரப் போனால், ஆள் தள்ளுகிறான் என்று பொருள். போகாமல், பட்ட இடத்தில் மடிந்து, சங்கிலி மட்டும் ஒருமுறை குதித்து விழுந்தால், ஆள் குத்துகிறான். இரண்டிலும் செலவான பலம் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று நீண்ட நேரத்தில் கொடுக்கப்பட்டது, மற்றது ஒரு நொடிப்பொழுதில் முடிந்தது. வீடியோவில் பார்ப்பவர்கள் பேக் எவ்வளவு தூரம் பறக்கிறது என்று வியக்கிறார்கள். அது எதிர்த்திசை ஆதாரம்.

ஆனாலும் பேக்கை மட்டும் நம்பி நான் ஒருமுறை மோசம் போயிருக்கிறேன். ஃபவுண்டரியில் வேலை பார்த்த ஒரு பையன், எழுபத்தைந்து கிலோ, வந்த மூன்றாம் மாதமே பேக்கை இரண்டாக மடிப்பான். இவன் கையில் ஒருவன் நிற்கமாட்டான் என்று ஊரெல்லாம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாவட்டப் போட்டியில் எதிரே வந்தவன் ஒல்லியான கல்லூரி மாணவன். மூன்று ரவுண்டும் இடக்கை ஜாப்பை (முன்கையால் சட்டென்று நீட்டும் நேர்க்குத்து) நீட்டிக்கொண்டே, அரையடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தான். என் பையன் ஒவ்வொரு முறையும் குத்தை ஓங்கக் காலை ஊன்றுவான். ஊன்றி முடிப்பதற்குள் இலக்கு இருந்த இடத்தில் இருக்காது. ஒன்பது நிமிடத்தில் ஒரு குத்துக்கூடச் சரியாக இறங்கவில்லை, நடுவர்கள் அனைவரும் மற்றவனுக்கே கொடுத்தார்கள். பேக் நகராமல் தொங்கியதால்தான் அவன் கனமாகத் தெரிந்தான். அதை முன்கூட்டியே கவனித்திருக்க வேண்டியவன் நான்தான்.

இனி நாக்அவுட் விகிதம். மறு கட்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இளம் வீரர்களுக்கு ஆரம்பத்தில் பலவீனமான எதிராளிகளைக் கொடுத்துக் கணக்கை ஏற்றுவது தொழில்முறை பாக்ஸிங்கின் வழக்கம். நடுவர் நிறுத்தினாலும், மூலையிலிருந்து பயிற்சியாளர் துண்டை எறிந்தாலும், ஆள் மயங்கி விழுந்தாலும் எல்லாம் நாக்அவுட் என்ற ஒரே கணக்கில்தான் எழுதப்படுகின்றன. ஆனால், ஆகவே அந்த விகிதம் பொய் என்று முடித்துவிடுவதும் தவறு. அமெரிக்க ஹெவிவெயிட் டியான்டே வைல்டர் 2018 டிசம்பரில் ஃபியூரியைச் சந்தித்தபோது 40 வெற்றி, 39 நாக்அவுட். அவருடைய எதிராளிகள் பலரைப் பற்றி இதே ஏளனம் அப்போதும் இருந்தது. அன்றைக்கு அவரைவிட ஏறத்தாழ 20 கிலோ கூடுதலாக இருந்த ஃபியூரியை ஒன்பதாம் ரவுண்டிலும் பன்னிரண்டாம் ரவுண்டிலும் வீழ்த்தினார். ஃபியூரி இரண்டு முறையும் எழுந்தார், சண்டை சமன். அவர்கள் திரும்ப மோதியபோது, 2020இல் ஏழாம் ரவுண்டிலும், 2021இல் பதினோராம் ரவுண்டிலும் முடிந்துபோனவர் வைல்டர்தான். அந்த 2021 சண்டையிலும் நான்காம் ரவுண்டில் ஃபியூரி இரண்டு முறை விழுந்தார். எனவே கை கனம் உண்மை. அது சண்டையைத் தீர்மானிக்கும் என்ற ஊகம்தான் தப்பியது.

வைல்டரின் கணக்கில் நாக்அவுட் ஆகாத அந்த ஒரே வெற்றி எனக்கு மற்ற முப்பத்தொன்பதைவிடச் சுவையானது. 2015 ஜனவரியில் பெர்மேன் ஸ்டிவெர்ன் அவரிடம் பன்னிரண்டு ரவுண்டும் நின்றார். 2017 நவம்பரில் அதே ஸ்டிவெர்ன் முதல் ரவுண்டிலேயே விழுந்தார். அதே கை, அதே தாடை; இடையில் மாறியது ஸ்டிவெர்னின் வயதும் உடல்நிலையுமா, வைல்டர் குத்தைக் கொண்டுபோன விதமா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதேபோல் கெனாடி கோலோவ்கின் தொடர்ந்து 23 பேரை நாக்அவுட் செய்துவந்து, 2017 மார்ச்சில் டேனியல் ஜேக்கப்ஸிடம் பன்னிரண்டு ரவுண்டும் ஆடிப் புள்ளிகளில்தான் ஜெயித்தார். ஆர்தர் பெட்டர்பியெவ் 20க்கு 20 நாக்அவுட்டோடு வந்தவர். 2024 அக்டோபரில் திமித்ரி பிவோல் அவரை முதல்முறையாகப் பன்னிரண்டு ரவுண்டும் இழுத்தார், அடுத்த பிப்ரவரியில் புள்ளிகளில் தோற்கடித்தார். விகிதம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், அது இதுவரை நின்றவர்களைப் பற்றிய கணக்கு, இனி நிற்கப்போகிறவனைப் பற்றியது அல்ல.

அளக்கப்பட்ட புரூனோவின் கதையும் இங்கே பொருந்தும். அவ்வளவு கனம் என்று எண் போட்டு நிறுவப்பட்ட அந்தக் கை, உலகப் பட்டத்துக்கான முதல் மூன்று முயற்சிகளிலும் பயன்படவில்லை. 1995 செப்டம்பரில் ஆலிவர் மெக்காலிடமிருந்து அவர் கடைசியில் பட்டத்தை வாங்கியது பன்னிரண்டு ரவுண்டு ஆடி, புள்ளிக் கணக்கில்.

பட்டால் விழுவானா என்ற இரண்டாவது கேள்விக்குத் தெரிந்தது இவ்வளவு. மயக்கம் வருவது பெரும்பாலும் தலை சட்டென்று சுழல்வதால். மண்டையோடு திரும்பிவிடும், உள்ளே இருக்கும் மூளை அதே கணத்தில் திரும்பாது. தாடை நீண்ட நெம்புகோல்போல இருப்பதால் அங்கே பட்ட குத்து தலையை எளிதில் சுழற்றுகிறது. பார்க்காத குத்து அதிகம் வீழ்த்துவதற்குக் காரணமும் இதுதான்: வருவது தெரிந்தால் கழுத்து இறுகும், தலையும் உடம்பும் ஒரே நிறையாகும், தெரியாவிட்டால் தலை தனியாகப் போகும். கல்லீரல் குத்து வேறு வகை. அதில் நினைவு தப்பாது, கால்தான் மடங்கும், அதுவும் பட்டு ஒரு கணம் கழித்து. 2019 நவம்பரில் சைதாமாவில் நவோயா இனோவே பதினோராம் ரவுண்டில் நொனிட்டோ டொனேரின் விலாவுக்குக் கீழே இடக்கையை இறக்கியபோது, டொனேர் முதலில் திரும்பி நடந்தார், பிறகுதான் மண்டியிட்டார். அவர் எழுந்து கடைசி மணி வரை நின்றார் என்பதையும், அதே சண்டையின் தொடக்கத்தில் டொனேரின் குத்து இனோவேயின் கண்குழி எலும்பை உடைத்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கை கனம் பற்றிய பேச்சில் எதிராளிக்கும் கை இருப்பது பெரும்பாலும் மறந்துபோகிறது.

ஒருவனின் தாடை ஏன் தாங்குகிறது, இன்னொருவனுடையது ஏன் தாங்கவில்லை என்பது சந்தேகப் பகுதியைச் சேர்ந்தது. கழுத்தின் பருமன் என்பார்கள், எடை குறைக்க உடம்பை வற்றவைத்ததால் என்பார்கள், முன்பு வாங்கிய அடிகளின் கூட்டுத்தொகை என்பார்கள். மூன்றிலும் ஏதோ இருக்கிறது; எவ்வளவு என்பதற்கு உறுதியான அளவில்லை. கையுறையும் இப்படித்தான். வெல்டர்வெயிட் (ஏறத்தாழ 67 கிலோ) வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10 அவுன்ஸ் என்பது தொழில்முறை வழக்கம்; குதிரை முடி அடைத்த உறையை விரும்பிக் கேட்பவர்கள் உண்டு, 2014இல் மேவெதர்–மைடானா சண்டைக்கு முன் அந்த உறையை வைத்துப் பெரிய தகராறே நடந்தது. அடைப்பு குறைந்தால் தோல் கிழிவதும் கை எலும்பு உடைவதும் கூடும் என்பது எங்களுக்குக் கண்ணால் தெரிந்த விஷயம். தலையின் சுழற்சியை அது எவ்வளவு மாற்றுகிறது என்பதில் பெரிதாகப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கதைகளை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம், ஆனால் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். கேமரா முன்னால் "சுவரே இடிந்து விழுந்த மாதிரி இருந்தது" என்பவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசுகிறார். சண்டை உறையைவிடத் தடித்த 16 அவுன்ஸ் உறையில் வாங்கிய குத்து அது. எனக்கு உண்மையான கனத்தைக் கற்றுத்தந்தது ஐம்பத்தேழு கிலோப் பையன் ஒருவன், டெய்லர். பேடில் அவன் சத்தமே போடமாட்டான். எனக்கு மட்டும் வீட்டுக்குப் போய் ஸ்கூட்டர் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது மணிக்கட்டு வலிக்கும். அவனோடு ஸ்பாரிங் போட்ட இன்னொருவன், அவனைவிட ஐந்து கிலோ கூடுதல், இரண்டாம் ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கவில்லை. "அண்ணா, வலிக்கலீங்க்ணா. ஆனா காலு நிக்கமாட்டேங்குதுங்க" என்றான். அதன் பிறகு மூன்றாம் ரவுண்டு முழுவதும் அவன் தன் ஜாப்பை ஒருமுறைகூட நீட்டவில்லை. கை இரண்டும் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டன, பின்கால் கயிற்றைத் தேடியது. அடி விழவே இல்லை; பயம் மட்டும் விழுந்திருந்தது.

அன்றிலிருந்து நான் ஒருவருடைய கனத்தை அவர் கையில் பார்ப்பதில்லை, எதிராளியின் காலில் பார்க்கிறேன். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மன் முகமது அலியைச் சந்தித்தபோது அவர் கணக்கு 40 வெற்றி, 37 நாக்அவுட்; அலியைத் தோற்கடித்துக் காட்டிய ஃபிரேசியரையும் நார்ட்டனையும் இரண்டு ரவுண்டுக்குள் முடித்தவர். அவர் கை கனத்தை யாரும், அலியும், சந்தேகிக்கவில்லை. அலி செய்தது அந்தக் கனத்தைப் போய்ச் சேரவிடாமல் செய்தது: கயிற்றில் சாய்ந்து உடம்பைப் பின்னால் விட்டு, கையிலும் தோளிலும் வாங்கி, தலையைத் தராமல் வைத்திருந்தார். எட்டாம் ரவுண்டில் ஃபோர்மனின் கையில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கனம் அவரைவிட்டுப் போய்விடவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1994இல், 45 வயதில், பத்தாம் ரவுண்டு வரை புள்ளிகளில் பின்தங்கியிருந்துவிட்டு, ஒரு குட்டையான வலக்கைக் குத்தில் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

எனவே திருப்பூர் நண்பருக்கு என் தீர்ப்பு இது. நீங்கள் சொன்ன வீரரின் கை கனமானது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். எந்திர எண்ணுக்காக அல்ல, அவர் வீழ்த்திய ஆட்களில் சிலர் மற்ற நல்ல கைகளிடம் நின்றவர்கள் என்பதற்காக. அந்தக் கனம் இந்தச் சண்டையை முடித்துவைக்கும் என்பதற்கு, மறு கட்சி கேட்கிற ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. சண்டைக்கு முன்னால் கொஞ்சம் நேரம் இருந்தால், நாக்அவுட் தொகுப்பு வீடியோக்களை விட்டுவிட்டு, அவர் கடைசி ரவுண்டு வரை போன அல்லது எட்டு ரவுண்டுக்கு மேல் போன ஒரு சண்டையை எடுங்கள். வர்ணனையாளர் உங்களுக்காக முடிவு செய்துவிடாமல் இருக்கச் சத்தத்தை அணைத்துவிடுங்கள். அவருடைய முதல் சுத்தமான குத்து எதிராளியின் மேல் பட்ட கணத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் எதிராளி எத்தனை முறை ஜாப் நீட்டினார், அடுத்த ஒரு நிமிடத்தில் எத்தனை முறை நீட்டினார் என்று எண்ணுங்கள். பிறகு அவருடைய இந்த எதிராளி, இதற்கு முன் பலமான குத்து வாங்கிய ஏதாவது ஒரு சண்டையை எடுத்து, அதே இரண்டு நிமிடத்தை எண்ணுங்கள். குத்து வாங்கியும் அந்த ஜாப் குறையாத ஆளாக அவர் இருந்தால், பேக்கரியில் டீச்செலவு உங்கள் கட்சியுடையதாக ஆகக்கூடும்.